தனி ஆளுக்கு அறை இல்லை

எங்கள் ஊரில் தனியாக வருகிற ஆளுக்கு லாட்ஜில் அறை கிடைப்பது சிரமம். "கூட யாரு வர்றாங்க?" என்று முதலில் கேட்பார்கள். யாருமில்லை என்றால் முகத்தையும் பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சிங்கிளுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க" என்பார்கள். பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். திருவண்ணாமலையில் மட்டுமல்ல, கோயில் ஊர்கள் பலவற்றிலும் இதே கதைதான். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். வாழ்க்கை வெறுத்துப்போனவர்கள் கடைசியாக ஒருமுறை சாமியைப் பார்த்துவிடலாம் என்று இங்கே வருவார்கள். போலீஸ், விசாரணை என்று அலைந்து நொந்த லாட்ஜ்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் லட்சம் லட்சமாக ஜனங்கள் வந்துபோகும் ஓர் ஊர், இப்படி வருகிறவர்களுக்கென்று செய்துவைத்திருக்கும் ஏற்பாடு கதவைச் சாத்துவது மட்டும்தான் என்பது எனக்கு ஆறவே இல்லை.

ராஜகோபுரத்துக்கு எதிர்ப்புறம் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. கற்பூரம், விபூதி, அகல், திரி, ருத்திராட்சம், ஃபிரேம் போட்ட மலைப் படம். அறை கிடைக்காதவர்கள் பையோடு வந்து என் கடைப் படியில் உட்கார்வதுண்டு. முன்பெல்லாம், "கொஞ்சம் ஓரமா உட்காருங்க, வியாபாரம் கெடுது" என்று சொல்லியிருக்கிறேன். 2021-இல் நானே அப்படி ஒரு படியில் போய் உட்கார்ந்த பிறகு சொல்வதில்லை.

2024 டிசம்பர் கடைசியில், சென்னையிலிருந்து வந்த நான்கு பேர் இங்கே ஒரு விடுதியில் இறந்துகிடந்தார்கள். பிள்ளைகளும் அதில் அடக்கம். முக்தி அடைவதற்காக என்று செய்திகளில் வந்தது. அடுத்த நாள் கடைக்கு வந்த ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அண்ணாமலையாரே கூப்பிட்டுக்கிட்டாராமே" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. திருவாரூரில் பிறந்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி, சிதம்பரத்தைத் தரிசித்தால் முக்தி, அண்ணாமலையை நினைத்தாலே முக்தி என்று நம் பெரியவர்கள் ஊர் ஊராகப் பிரித்துச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த மலை யாரிடமும் உயிரைக் கேட்டதில்லை. நினைத்தால் போதும் என்றது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நினைக்கலாம். வயல் வரப்பில் நின்று நினைக்கலாம். நூறு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டே இருக்கலாம். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். சொன்ன வேகத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பௌர்ணமி கிரிவலம் நின்றது. தடை நீங்க ஏறத்தாழ இரண்டு வருஷம் ஆயிற்று. வெளியூர்க்காரர்களுக்கு இதன் அர்த்தம் புரியாது. வருஷத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி, ஒரு கார்த்திகைத் தீபம். எங்கள் வீதியில் முக்கால்வாசிக் குடும்பங்கள் அதில்தான் சாப்பிடுகின்றன. 2020 தீபத்துக்கு வெளியிலிருந்து ஜனங்களே வரவில்லை. வாங்கிப்போட்ட அகல் மூட்டை பிரிக்காமலே கிடந்தது. கடை வாடகைக்குத் தண்டல் வாங்கினேன். தண்டலை அடைக்க மனைவியின் சங்கிலியை அடகு வைத்தேன். அடகு வட்டிக்கு ஏலச்சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தேன். பெண் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

சாக வேண்டும் என்று எடுத்த எடுப்பில் எனக்குத் தோன்றவில்லை. காலையில் கண் விழிக்காமல் போய்விட்டால் தேவலை என்றுதான் முதலில் தோன்றியது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். வந்ததுமே தண்டல்காரர் முகம். சோறு மண் மாதிரி இருந்தது. பெண் ஏதாவது சொல்லிச் சிரித்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலிருக்கும். பிறகு, நான் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. கேட்டால் நியாயமான கணக்கு மாதிரியே இருக்கும். அதுதான் அதில் பயங்கரம். நாற்பது வருஷமாகப் பேரேடு எழுதுகிறவன் நான். அந்தக் கணக்கில், அப்பா இல்லாமல் வளரப்போகும் பெண் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவே இல்லை என்பது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. மனநோய் என்றால் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தினமும் குளித்து, விபூதி பூசி, கடை திறந்துகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு எழுந்து செங்கம் ரோட்டில் நடப்பேன். ஒருநாள் எம லிங்கத்துக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்கள் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் தம்பி அந்த வழியாக வந்தவன், வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "அண்ணா, தப்பா எடுத்துக்காத. செத்துடலாம்னு ஏதாவது நெனப்பு வருதா?" என்றான்.

கோபம் வரவில்லை. மாசக்கணக்கில் நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல்லை யாரோ இந்தப் பக்கம் ஒரு கை பிடித்த மாதிரி இருந்தது. "ஆமாம்டா" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பெண்டாட்டி பிள்ளையை நினைச்சுப் பார் என்றோ, கோழை மாதிரி பேசாதே என்றோ சொல்லவில்லை. "சரி, இன்னைக்கி நான் வண்டி ஓட்டல" என்றான். விடியும் வரைக்கும் கூடவே இருந்தான். எப்படி உனக்கு இப்படிக் கேட்கத் தோன்றியது என்று பல மாதம் கழித்துக் கேட்டேன். "என் தம்பிகிட்ட நான் கேக்கல அண்ணா" என்று மட்டும் சொன்னான்.

அப்படி நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது என்கிறார்கள் மருத்துவர்கள். என் அனுபவமும் அதுதான். எண்ணம் ஏற்கெனவே இருக்கிறவனுக்கு அந்தக் கேள்வி வெளியே வருவதற்கு ஒரு வழி. இல்லாதவன் "சீ, அப்படியெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகப்போகிறான்.

முதலில் போன தனியார் டாக்டர் மூன்று நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். "எல்லாம் டென்ஷன்தான், எங்கயாவது டூர் போய்ட்டு வாங்க" என்றார். அன்றைக்குத் தனியாகப் போயிருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். இதை எழுதுவதற்குக் காரணம், முதல் கதவு சரியாகத் திறக்காததால் பலர் திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான். செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம். அடுத்த நாள் தம்பி என்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். ஓ.பி. சீட்டு எழுதி, மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வரிசையில் தெரிந்த முகம் இருக்குமோ என்று பயம். இருந்தது. தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், கையில் பழைய சீட்டோடு. ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தோம்.

மருத்துவர் சின்ன வயசு அம்மா. என் பெண்ணைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். தூக்கம், பசி, வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தவர், குரலை மாற்றாமலே, "அந்த எண்ணம் எப்பெப்போ வருது, வந்தா எவ்வளவு நேரம் இருக்கும், ஏதாவது ஏற்பாடு வரைக்கும் யோசிச்சீங்களா?" என்று கேட்டார். ஜுரம் எத்தனை நாளாக என்று கேட்பது போலத்தான் கேட்டார். அந்தச் சாதாரணக் குரல் எனக்குப் பெரிய ஆறுதல். என் சம்மதம் கேட்டு மனைவியைப் போனில் வரவழைத்தார். வீட்டில் ஆபத்தானது எது இருந்தாலும் இன்றைக்கே அப்புறப்படுத்தச் சொன்னார்; மாத்திரையையும் மனைவி கையில்தான் கொடுத்தார், ஒரு வாரத்துக்கு மட்டும்.

அங்கே இருந்த ஆலோசகர் என்னிடம் ஒரு தாள் இருக்கிறதா என்று கேட்டார். சட்டைப் பையில் அன்றைக்குக் கிழித்த தினசரிக் காலண்டர் தாள் இருந்தது. அதன் பின்பக்கத்தில் என்னையே எழுதச் சொன்னார். எண்ணம் வருவதற்கு முன்னால் எனக்குள் என்ன நடக்கிறது: மூன்று மணி விழிப்பு, மார்பில் பாரம். வந்தால் முதலில் நானாகச் செய்யக்கூடியது: கடைக்குப் போய்த் திரி உருட்டுவது. அதிலும் போகவில்லை என்றால் யாருக்குப் போன் செய்வது: மனைவி, ஆட்டோத் தம்பி, ஆரணி மச்சான். அவர்களும் கிடைக்கவில்லை என்றால் எந்த எண், எந்த ஆஸ்பத்திரி. என் வாழ்க்கையில் நான் எழுதிய பத்திரங்களிலேயே உருப்படியானது அந்தத் தாள்தான். மடித்த இடமெல்லாம் நைந்துபோய், பிளாஸ்டிக் உறையில் இன்றும் பர்ஸில் இருக்கிறது.

அப்புறம் கவுன்சிலிங். வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. அங்கே யாரும் எனக்குப் பணம் தரவில்லை. கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கடனும் சாவும் எனக்குள் ஒரே முடிச்சாகக் கிடந்தன. அதைப் பொறுமையாகப் பிரித்தார்கள். தண்டல் தனி, அடகு தனி, சீட்டு தனி என்று எழுதி, எதற்கு அவசரம், எதற்குத் தவணை கேட்கலாம் என்று பார்த்தோம். முதல் இரண்டு வாரம் மாத்திரையால் வாய் உலர்ந்தது, பகலில் தூக்கம் வந்தது. ஒன்றும் பலன் இல்லை, விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மனைவி விடவில்லை. மூன்றாவது வாரமோ நாலாவதோ, சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மணலில் வேர்க்கடலை வறுக்கிற வாசனை. அந்தத் தள்ளுவண்டி எதிரேதான் தினமும் நிற்கிறது. அன்றைக்குத்தான் வாசனை வந்தது. எழுந்துபோய் ஒரு பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டேன். பதினாலு மாதம் மாத்திரை எடுத்தேன்; மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். எண்ணம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வந்தால் என்ன செய்வது என்று தெரியும்.

மருத்துவரிடம் போவதற்குக் குறுக்கே நிற்பது பணம் மட்டுமல்ல. ஓர் ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794. இருநூறு வருஷத்துக்கு மேலாக ஜனங்களைப் பார்த்து அனுப்பும் இடம். நம் சினிமா அதைச் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டது, நாமும் பிடித்துக்கொண்டோம். கிட்னிக்கோ இதயத்துக்கோ பார்க்கும் ஆஸ்பத்திரியை இப்படிச் சொல்வோமா? இன்னொரு பயம், போலீஸ் கேஸ். முயன்று பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து, "தெரியாம நடந்துபோச்சு" என்று உறவினர்கள் பொய் சொல்வது இந்தப் பயத்தால்தான். பொய் சொன்னால் உடம்பைக் காப்பாற்றி அனுப்பிவிடுவார்கள். மனசை யாரும் பார்க்கமாட்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த 309-ஆவது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லலாம். சொல்லவேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் போன உயிர்கள் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். நாளொன்றுக்கு 54 பேர். நாடு முழுக்க அப்படிப் போனவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். பரீட்சை முடிவு வரும் மாதத்தில் மட்டும் நாம் இதைப் பற்றிப் பேசுகிறோம். மற்ற மாதங்களில் மேஸ்திரியும் சித்தாளும் என்னைப் போன்ற சில்லறைக் கடைக்காரனும் சத்தமில்லாமல் போகிறார்கள்.

கவுன்சிலிங்கில் கேள்விப்பட்டு நான் தேடிப் படித்த ஓர் ஆய்வு உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தியது. சென்னையும் கொழும்பும் அதில் உண்டு. 2008-இல் வெளியானது. முயன்று பிழைத்த 1,867 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு அதோடு கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு ஒன்றரை வருஷத்தில் ஒன்பது முறை போன் செய்தோ நேரில் போயோ எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று போய், கடைசியாகப் பதினெட்டாம் மாதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பிறகு தற்கொலையால் இறந்தார்கள். திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். பெரிய மெஷின் எதுவும் இல்லை. ஒன்பது தடவை ஓர் ஆள் போய்க் கேட்டது.

நாம் நேர்மாறாகச் செய்கிறோம். முயன்று பிழைத்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக ஊரே வரும். வீட்டுக்கு வந்த மறுவாரம் ஒருவரும் வரமாட்டார்கள். வந்தாலும் அதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். அவர் உள்ளுக்குள் தனி ஆளாகவே இருப்பார்.

"எல்லாம் அண்ணாமலையார் பார்த்துப்பார், டாக்டர் எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு நான் கோயிலையே காட்டுகிறேன். ஹொய்சள அரசர் வீர வல்லாளன் பெயர் சொல்லும் வல்லாள கோபுரம் உள்ளே இருக்கிறது. வாழ்க்கை கசந்து, நோயும் பழியும் சேர்ந்து உயிரை விடத் துணிந்து அங்கே போன அருணகிரிநாதரை முருகன் கையில் தாங்கிக்கொண்டான் என்பது நம் ஐதிகம். அதன் நினைவாகக் கோபுரத்து இளையனார் சந்நிதி இன்றும் இருக்கிறது. தாங்கியதோடு அவன் போய்விடவில்லையே. நாக்கில் எழுதி, பாடு என்று வேலையும் கொடுத்தான் என்றல்லவா கதை போகிறது? நமக்குக் கிடைத்திருக்கும் 1,300-க்கு மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்களும் அதற்குப் பிறகு வந்தவை. ரமணரையும் பாருங்கள். 1896-இல் பதினாறு வயதில் வந்து பாதாள லிங்கத்தில் தன்னை மறந்து அமர்ந்திருந்தார். அது தவம், என்னைப் போன்றவன் நிலைமை அல்ல. ஆனால் பூச்சி அரித்துப் புண்ணான அந்த உடம்பைச் சிலர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், சோறு கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று இருட்டிலேயே விட்டுவிடவில்லை. அப்படிப்பட்ட ஊர் இது.

ஆகவே கேட்கிறேன். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் பாதையில் மருத்துவ முகாம் போடுகிறோம், ஆம்புலன்ஸ் நிறுத்துகிறோம், அன்னதானம் செய்கிறோம். மஞ்சள் சட்டை போட்ட நாலு வயதுப் பையன் காணவில்லை என்று ராத்திரி முழுக்க மைக்கில் கூப்பிடுகிறோம். அந்த முகாமிலேயே ஒரு நாற்காலி, மனசு சரியில்லாதவர் வந்து உட்கார, எதிரே பயிற்சி பெற்ற ஓர் ஆள். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. அறநிலையத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்தால் அடுத்த பௌர்ணமிக்கே செய்யலாம். எட்டு லிங்கத்திலும் உண்டியலுக்குப் பக்கத்தில் உதவி எண்களை எழுதிவைக்கலாம். 14416, மனநல உதவி எண்; இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசுவார்கள். 104, நம் மாநிலச் சுகாதார உதவி எண். 1986-இலிருந்து சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா, 044-24640050. லாட்ஜ்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் பூக்கட்டும் பெண்களுக்கும் ஒரு நாள் பயிற்சி. தனியாக வந்தவருக்கு அறை இல்லை என்று சொல்வதற்கு முன்னால், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரு கேள்வி.

போன சித்திரைப் பௌர்ணமி. ஜனக்கூட்டத்தில் கடை திணறிக்கொண்டிருக்கிறது. நாற்பது வயதிருக்கும் ஒருவர் கற்பூரம் ஒரு வில்லை வாங்கினார். பாக்கிச் சில்லறையை வேண்டாம் என்றார். கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி, "இத நீங்களே வெச்சுக்குங்க" என்றார். வேலைக்காரப் பையனிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டு, அவரை உள்ளே ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஆட்டோத் தம்பி என்னிடம் கேட்ட அதே வார்த்தையில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். 14416-க்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். நாற்பது நிமிஷம் பேசினார். போளூர்ப் பக்கத்திலிருந்து அவர் மைத்துனர் வந்துசேர விடியற்காலை நாலரை ஆயிற்று. அதுவரை ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் இருவரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதை எழுத அவரிடம் கேட்டுக்கொண்டேன். பேரும் ஊரும் வேண்டாம் என்றார்.

வாட்ச் கல்லாவில் பத்திரமாக இருந்தது. ஆடியில் வந்து வாங்கிப்போனார். காலண்டரில் வட்டம் போட்டு வைத்து அவரைக் கூப்பிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆறாவது முறை. வயலில் இருந்தார். "அண்ணா, இப்பதான் கரண்ட் வந்துச்சு, மோட்டார் போடணும், ராத்திரி பேசறேன்" என்று வைத்துவிட்டார்.